கேஸ் ஷாக் போட்டால் தொங்கிய கார் தூக்குமா?

"பின்பக்கம் தொங்குதா? கேஸ் ஷாக் போடுங்க, வண்டி தூக்கிடும்" என்று பரவும் தகவல் தவறு. வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் அதன் ஆட்டத்தை அடக்குகிறது, அவ்வளவுதான். கேஸ் ஷாக் என்பது ஆயிலோடு நைட்ரஜன் வாயுவும் அடைத்த ஷாக் அப்சார்பர். அந்த நைட்ரஜன், ஆயில் நுரைத்துப்போகாமல் தடுக்க.

கணக்கு எளிது. மோனோட்யூப் (ஒற்றைக் குழாய்) ஷாக்கில் 25 பார் வாயு அழுத்தம், உள்ளே போய்வரும் ராடு (கம்பி) 11 மி.மீ. விட்டம் என்றால் மேல்நோக்கிய விசை சுமார் 24 கிலோ. ஒரு சக்கரத்தின் மேல் நிற்பதோ சில நூறு கிலோ! சில மில்லிமீட்டர் உயரலாம். சோர்ந்த ஸ்பிரிங்குக்கு அது மருந்தல்ல. (காற்று நிரப்பும் ஷாக்கும், தானாக உயரம் சரிசெய்யும் வகையும் வேறு கதை.)

சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) விளிம்பு வரை இருபுறமும் அளந்து, தயாரிப்பாளர் தந்த அளவோடு ஒப்பிடுங்கள். குறைந்தால் முதலில் ஸ்பிரிங்கைப் பாருங்கள். ஆயில் வழிந்தாலோ, மேடு தாண்டியும் ஆட்டம் நிற்காவிட்டாலோதான் ஷாக். அதையும் ஒரே ஆக்ஸிலில் ஜோடியாக மாற்றவேண்டும். பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கும்போது இடி தாங்கும் ரப்பர்), டஸ்ட் கவரும் (ராடைத் தூசியிலிருந்து காக்கும் உறை) புதிதாகப் போடுங்கள். ராடைப் பிளையரால் பிடித்தால் கீறல் விழும், அந்தக் கீறலே சீலைக் கிழிக்கும். ஷாக்கைப் பொருத்தும் இடத்திலுள்ள ரப்பர் புஷ் போல்ட்டைச் சக்கரம் தரையில் நின்றபிறகே இறுக்குங்கள். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும்.