ஃபீனிக்ஸா, லாஸ் வேகாஸா? வரியை மட்டும் பார்த்து ஊர் மாறாதீர்கள்

கலிஃபோர்னியாவில் வாடகை கொடுத்து மாளாதவர்கள் அடுத்ததாகக் கண் வைக்கும் ஊர்கள் இரண்டு: அரிசோனாவின் ஃபீனிக்ஸ், நெவாடாவின் லாஸ் வேகாஸ். இரண்டும் பாலைவனம், இரண்டும் மளமளவென்று வளர்ந்தவை, வீட்டு விலையும் ஏறக்குறைய ஒரே தட்டில்தான். கடைசியில் பலரும் “நெவாடாவில் மாநில வருமான வரியே கிடையாதே, அப்புறம் என்ன யோசனை?” என்று ஒரே கேள்வியில் முடிவெடுத்துவிடுகிறார்கள். இது தப்புக் கணக்கு என்பதுதான் என் கருத்து. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் குடும்பத்துக்கு ஃபீனிக்ஸ் வட்டாரம்தான் சரி. வேலை கையோடு வருகிறவர்களுக்கும், ஓய்வு பெற்று நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கும் வேகாஸ் நன்றாகப் பொருந்தும். காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் அந்த வரி. அரிசோனாவில் 2023 முதல் எல்லோருக்கும் ஒரே விகிதம், 2.5 சதவீதம். தம்பதியின் சம்பளம் 1,50,000 டாலர், நிலையான கழிவு சுமார் 30,000 என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 1,20,000-க்கு 3,000 டாலர் வரி. மாதத்துக்கு 250. இவ்வளவுதான் வித்தியாசம். இதிலும் ஒரு பங்கு காரிலேயே திரும்பிப் போய்விடும். 40,000 டாலர் பட்டியல் விலையுள்ள புதுக் காருக்கு அரிசோனாவில் முதல் வருட வாகன வரி 672 டாலர், வேகாஸ் இருக்கும் கிளார்க் கவுண்டியில் (மாவட்டத்தில்) 700. முதல் வருடம் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் அரிசோனாவில் காரின் கணக்கு மதிப்பை ஆண்டுக்கு 16.25 சதவீதம் குறைக்கிறார்கள், நெவாடாவில் மெதுவாகத்தான் இறங்கும். ஐந்தாம் வருடம் அரிசோனாவில் 340 டாலர் அளவில் இருக்கும், வேகாஸில் 455. வீட்டில் இரண்டு கார் என்றால் நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். கார் இன்ஷூரன்ஸும் வேகாஸில் கடிக்கும்.

வேகாஸில் வீடு வாங்குகிறவர்கள் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. சொந்தமாகக் குடியிருக்கும் வீடு என்றால் சொத்து வரி ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்பது நெவாடா சட்டம். மற்ற வீடுகளுக்கு அந்த உச்சவரம்பு 8 சதவீதம் வரை போகலாம். வீடு கைமாறியதும் கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஓர் அட்டை தபாலில் வரும். “இதில் நாங்கள்தான் குடியிருக்கிறோம்” என்று குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். விளம்பரக் காகிதம் என்று நினைத்துக் குப்பையில் போட்டால் நீங்கள் அந்த உயர்ந்த வரம்புக்குள் போய்விடுவீர்கள். வாங்கிய முதல் மாதமே கவுண்டி இணையதளத்தில் உங்கள் வீட்டுக்கு எந்த வரம்பு என்று பார்த்துவிடுங்கள்.

இப்போது வெயிலுக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

“இரண்டுமே அடுப்புதான்” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பகல் உச்சத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். 2024 ஜூலை 7 அன்று வேகாஸிலும் 120 டிகிரி ஃபாரன்ஹீட் (49 செல்சியஸ்) பதிவானது. வித்தியாசம் இரவில் இருக்கிறது. வேகாஸ் கடல்மட்டத்திலிருந்து 2,000 அடி உயரம், ஃபீனிக்ஸ் 1,100 அடி. ஃபீனிக்ஸ் 500 சதுர மைலுக்கு மேல் பரந்து கிடக்கும் கான்கிரீட்டும் தாரும். பகலில் குடித்த சூட்டை அது விடிய விடிய வெளியே விட்டுக்கொண்டிருக்கும். 2023-இல் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரியைத் (43 செல்சியஸ்) தொட்டது. அதே ஜூலையில் ஒரு நாள் விடியற்காலைக் குறைந்தபட்ச வெப்பமே 97 டிகிரி. அந்த வருடம் ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிக்கோப்பா கவுண்டியில் வெயில் தொடர்பாக இறந்தவர்கள் 645 பேர். அதில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் வீடில்லாதவர்கள். ஆனால் வீட்டுக்குள்ளேயே, ஏசி பழுதான நிலையில் இறந்த வயதானவர்களும் உண்டு. ஊரிலிருந்து அப்பா அம்மாவை ஆறு மாதம் அழைத்து வைத்துக்கொள்வதாக இருந்தால், ஃபீனிக்ஸுக்கு அக்டோபரில் வரவழைத்து ஏப்ரலில் அனுப்பிவையுங்கள். ஜூலையில் காலை ஐந்து மணிக்கும் நடக்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பெரியவர்களுக்கு உடம்பைவிட மனசுதான் முதலில் சோர்ந்து போகும்.

வெயிலின் அளவை வீட்டின் திசையும் தீர்மானிக்கும். நம் ஆட்கள் வாஸ்து பார்த்துக் கிழக்கு வாசலைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். இங்கே கட்டும் வரிசை வீடுகளில் முன்பக்கம் பெரும்பாலும் கார் ஷெட்தான். பெரிய கண்ணாடிக் கதவும் ஜன்னல்களும் கூடம், அடுக்களையோடு பின்பக்கம் இருக்கும். கிழக்கு வாசல் என்றால் அந்தக் கண்ணாடி முழுக்க மேற்கே பார்க்கும். பிற்பகல் மூன்று மணியிலிருந்து பொழுது சாயும் வரை வெயில் நேராகக் கூடத்துக்குள் இறங்கும். மின்சாரக் கட்டணம் உச்சத்தில் இருப்பதும் அதே நேரத்தில்தான். தெற்கு வடக்கு வீடு கிடைத்தால் எடுங்கள். கிழக்குதான் வேண்டும் என்றால் பின்பக்கம் பத்தடிக்குக் குறையாத ஆழத்தில் கூரை போட்ட தாழ்வாரமும் (பட்டியோ), ஜன்னலுக்கு வெளிப்புறம் சூரியத் திரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு விலை பேசுங்கள். உள்ளே மாட்டும் திரைச்சீலை பாதி வேலைதான் செய்யும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த சூடு வந்ததுதான்.

ஏசி வாங்கியதும் மறந்துவிடும் பொருள் அல்ல. இரண்டு ஊரிலும் ஜூலையில் அடிக்கடி கைவிடுவது கம்ப்ரஸர் இல்லை, வெளி யூனிட்டில் இருக்கும் கெப்பாசிட்டர். விசிறி சுற்றாமல் ‘ம்ம்ம்’ என்று முனகல் மட்டும் கேட்டால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். அதன் தலை உப்பியிருக்கும். பொருளின் விலை சொற்பம், சீசனில் ஆள் கிடைப்பதுதான் பாடு. மே மாதத்திலேயே ஒரு டெக்னீஷியனை வரவழைத்து அதன் மைக்ரோஃபாரட் அளவை எடுக்கச் சொல்லுங்கள். மேலே அச்சிட்ட அளவைவிட ஆறு சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அன்றே மாற்றிவிடுவது நல்லது. ஒரு அங்குல ஃபில்டரைக் கோடையில் மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். தூசி அடைத்தால் காற்று குறையும், உள்ளே இருக்கும் குளிர்க் குழாய்ச்சுருள் பனியாய் உறையும், வீடு குளிராது. நீங்களே சரிபார்க்கலாம்: உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 16 முதல் 22 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம் இருந்தால் இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறது. வாடகைக்கு இருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: ஃபீனிக்ஸ் நகரச் சட்டப்படி, ஏசி உள்ள வாடகை வீட்டை 82 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்திருக்கும்படி வசதி செய்து தருவது வீட்டுக்காரரின் கடமை.

மின்சாரம். ஃபீனிக்ஸில் ஏ.பி.எஸ்., எஸ்.ஆர்.பி. என்று இரண்டு நிறுவனங்கள். எது என்பதை உங்கள் முகவரி தீர்மானிக்கும், நீங்கள் அல்ல. ஏ.பி.எஸ்.ஸில் வார நாள் மாலை 4 முதல் 7 வரை உச்ச நேரம். அதில் ‘டிமாண்ட்’ திட்டத்தில் சேர்ந்தால் இன்னொரு பூதம் உண்டு. மாதம் முழுக்க உச்ச நேரத்தில் எந்த ஒரு மணி நேரம் அதிகம் இழுத்தீர்களோ, அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத் தனிக் கட்டணம். இருபது நாள் பார்த்துப் பார்த்துச் செலவழித்துவிட்டு, ஒருநாள் மாலை ஐந்து மணிக்கு ஏசி, துணி உலர்த்தி, மின்அடுப்பு மூன்றையும் ஒன்றாகப் போட்டால் அந்த மாதக் கணக்கு போச்சு. மதியம் ஒரு மணியிலிருந்து நாலு வரை வீட்டை 74, 75-க்கு இறக்கி வைத்துவிட்டு, நாலு மணிக்கு 80-க்கு ஏற்றிவிடுங்கள். ஏழு வரை பெரும்பாலும் தாங்கும். கூரைக்கு அடியில் போதுமான வெப்பத்தடுப்பு (இன்சுலேஷன்) இல்லாத பழைய வீட்டில் இந்த வித்தை பலிக்காது.

தண்ணீர் விஷயத்தில் பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது நிலைமை. ‘வேகாஸ் காய்ந்து போகும்’ என்பார்கள். உண்மையில் அந்த ஊர் தண்ணீரைக் கையாளும் விதத்துக்கு நான் கைகூப்புவேன். அவர்களுக்குச் சுமார் 90 சதவீதம் கொலராடோ ஆற்றில் அணை கட்டித் தேக்கிய லேக் மீட் ஏரியிலிருந்து. கொலராடோ ஆற்றில் நெவாடாவின் பங்கு ஆண்டுக்கு 3,00,000 ஏக்கர் அடிதான் (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர் அடி), அரிசோனாவுக்கு 28 லட்சம். ஆனால் வேகாஸ் வீடுகளுக்குள் குளியலறையிலும் பாத்திரம் கழுவும் தொட்டியிலும் இறங்கும் தண்ணீர் கிட்டத்தட்ட முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு அதே ஏரிக்குத் திரும்புகிறது. திருப்பிய அளவுக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் குளிப்பதற்குக் கெடுபிடி இல்லை, புல்லுக்குத்தான் கெடுபிடி. யாரும் மிதிக்காத அலங்காரப் புல்தரைக்கு 2026 முடிவுக்குப் பிறகு ஆற்றுத் தண்ணீர் விடக் கூடாது என்று 2021-இலேயே சட்டம் போட்டார்கள். ஏரி மிகக் கீழே இறங்கினாலும் எடுக்கும்படி ஆழத்தில் மூன்றாவது குழாயும், 2020-இல் அதற்கான பம்பு நிலையமும் அமைத்துவிட்டார்கள். அணையிலிருந்து கீழே ஒரு சொட்டு போக முடியாத நிலையிலும் வேகாஸ் குடிக்கும்.

ஃபீனிக்ஸ் நகரின் நடுப்பகுதிக்குப் பயமில்லை. சால்ட், வெர்டே ஆறுகளின் தண்ணீர் தனியாக வருகிறது. சிக்கல் 336 மைல் கால்வாயில் வரும் கொலராடோ தண்ணீருக்கு. 1968-இல் அந்தக் கால்வாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கும்போதே அரிசோனாக்காரர்கள், பற்றாக்குறை வந்தால் கலிஃபோர்னியாவுக்குப் பிறகுதான் எங்களுக்கு என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். 2022-இல் முதல் வெட்டு வந்தபோது அரிசோனா இழந்தது 5,12,000 ஏக்கர் அடி, நெவாடா 21,000. அதற்கு அடுத்த ஆண்டு, நிலத்தடி நீரை மட்டும் நம்பும் புதுக் குடியிருப்புகளுக்கு அனுமதி இல்லை என்று மாநில அரசு சொல்லிவிட்டது. ஆகவே ஓரங்களில், மலிவு என்று தனி மனை வாங்கும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் பகுதிக்கு நடந்தது கண்முன் இருக்கிறது: லாரித் தண்ணீரை நம்பிக் கட்டிய வீடுகளுக்கு, 2023 ஜனவரி 1 முதல் ஸ்காட்ஸ்டேல் நகரம் தன் தண்ணீரை நிறுத்தியது. ஐந்து மனை வரை பிரித்து விற்றால் நூறாண்டு நீர் உறுதிச் சட்டத்துக்குள் வராது என்ற ஓட்டையில் கட்டிய வீடுகள் அவை.

இரண்டு ஊர்த் தண்ணீரும் கடின நீர். துவரம்பருப்பு வேக இரண்டு விசில் கூடுதலாகப் பிடிக்கும், குக்கர் அடியில் வெள்ளைப் படலம் கட்டும். சமையலுக்கு ஆர்.ஓ. வைத்துவிடுங்கள்.

வேலைக்கு வருவோம். எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இந்த இடத்தில் நிதானமாக யோசிக்க வேண்டும். வேலை போனால் கையில் இருப்பது 60 நாள். அதற்குள் அதே ஊரில் இன்னொரு வேலை கிடைக்குமா? ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் சாண்ட்லரில் இன்டெல், வடக்கே சிப் செய்யும் டி.எஸ்.எம்.சி., ஹனிவெல், பெரிய வங்கிகளின் அலுவலகங்கள், மருத்துவமனைகள் என்று நாலைந்து துறைகள் இருக்கின்றன. வேகாஸ் இன்றும் சுற்றுலாவின் காலில்தான் நிற்கிறது. 2020 மார்ச்சில் கேசினோக்களை மூடியதும், ஏப்ரலில் அங்கே வேலையின்மை 30 சதவீதத்தைத் தாண்டியது. ஒரு துறை இருமினால் ஊரே படுத்துக்கொள்ளும் இடத்தில், மாதம் 250 டாலர் மிச்சத்துக்காகக் குடும்பத்தை அழைத்துப் போவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

மருத்துவர்களும் அப்படித்தான். நெவாடாவில் மருத்துவர் பற்றாக்குறை நெடுநாள் பிரச்சினை. வேகாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் முதல் வகுப்பே 2017-இல்தான் தொடங்கியது. சிறப்பு மருத்துவரைப் பார்க்க நாள் கிடைக்காமல் அலைவதும், வெளி மாநிலத்துக்குப் போவதும் அங்கே சகஜம். ஃபீனிக்ஸில் மாயோ கிளினிக், நரம்பியலுக்கு பாரோ, குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை எல்லாம் உண்டு. ஆனால் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் அதிகம் காணும் வியாதி ஒன்று இருக்கிறது: வேலி ஃபீவர். மண்ணில் இருக்கும் பூஞ்சை புழுதியோடு மூச்சில் போய், ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், இருமல், தாங்க முடியாத அசதி என்று காட்டும். நிமோனியா என்று ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், கேட்காது. அப்படி இழுத்துக்கொண்டே போனால் நீங்களே “வேலி ஃபீவர் ரத்தப் பரிசோதனை எழுதுங்கள்” என்று கேட்டு வாங்குங்கள். கர்ப்பிணிகள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் பற்றிச் சுருக்கமாக: கிளார்க் கவுண்டி முழுவதும் ஒரே பள்ளி நிர்வாக மாவட்டம், சுமார் மூன்று லட்சம் மாணவர்கள். பிடிக்கவில்லை என்றால் வெளியேற வழி குறைவு. ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் பல பள்ளி மாவட்டங்கள், இடம் இருந்தால் எல்லை தாண்டியும் சேர்க்கலாம். இரண்டு மாநிலமும் மாணவருக்குச் செலவிடுவதில் நாட்டின் கடைசி வரிசையில்தான் நிற்கின்றன, அதை மறைத்துப் பேச முடியாது.

வேகாஸுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. ஊர் கச்சிதமானது. சுற்றிலும் நிலம் மத்திய அரசின் கையில் இருப்பதால் விரிய இடமில்லை. ஒரு மூலையிலிருந்து விமான நிலையத்துக்கு அரை மணிதான். ரெட் ராக் பாறைகள் வேகாஸின் மேற்குப் பகுதியான சம்மர்லினுக்குப் பக்கத்திலேயே. கோடையில் வெப்பம் தாங்காத ஞாயிறன்று ஒரு மணி நேரத்துக்குள் சார்ல்ஸ்டன் மலையில் பைன் நிழலில் உட்காரலாம். ஃபீனிக்ஸிலிருந்து அந்தக் குளிர்ச்சிக்கு ஃபிளாக்ஸ்டாஃப் வரை 145 மைல் ஓட்ட வேண்டும்.

ஊரோடு பேசுவதற்கு ஒரு சின்ன சௌகரியம்: அரிசோனாவில் கடிகாரத்தைத் திருப்புவதில்லை, இந்தியாவுக்கும் ஃபீனிக்ஸுக்கும் வருடம் முழுக்கப் பன்னிரண்டரை மணி நேரம்தான். வேகாஸில் குளிர்காலத்தில் அது பதின்மூன்றரை ஆகிவிடும். விமானத்தில் வேறுபாடு இல்லை, இரண்டு ஊரிலிருந்தும் லண்டன் வழியாகச் சென்னைக்கு ஒரே மாற்றம்.

வீடு பார்க்க வருகிறவர்கள் பிப்ரவரியில் வந்து மயங்காதீர்கள். ஜூலை நடுவில் நாலு நாள் வாருங்கள். பிடித்த வீட்டை மாலை நாலு மணிக்கு ஒருமுறை பாருங்கள், கூடத்துச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு அதே தெருவில் இருபது நிமிடம் நடங்கள். விற்பவரிடம் போன ஜூலை, ஆகஸ்ட் மின்கட்டண ரசீதையும், ஏசி வெளி யூனிட்டின் தயாரிப்பு ஆண்டையும் கேளுங்கள். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் என்றால் புது ஏசிக்கான தொகையைக் குறைத்துத்தான் விலை பேச வேண்டும்.