எண்ணூரில் எரியும் நிலக்கரியும் நம் வீட்டு முகவரியும்

ஒவ்வொரு ஜூன் 5-ஆம் தேதியும் உலகச் சுற்றுச்சூழல் தினம் என்று வாட்ஸாப்பில் ஒரு பட்டியல் தவறாமல் வந்துவிடும். காரைக் குறை, பஸ்ஸில் போ, துணிப்பை எடு, இறைச்சியை விடு. பட்டியலில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் வடசென்னையில் இருக்கிற பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கும் இதை ஏன் அனுப்புகிறார்கள் என்றுதான் எனக்குப் புரிவதில்லை. இங்கே முக்கால்வாசிப் பேர் காரைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு கார் வாங்கியாக வேண்டும்.

என் கட்சி இதுதான். ஒருவர் எவ்வளவு புகை விடுகிறார் என்பதை அவர் நல்ல மனசைவிட அவர் வீட்டு முகவரிதான் அதிகம் தீர்மானிக்கிறது. வீடு எங்கே, வேலை எங்கே, சந்தை எங்கே, குப்பை எங்கே என்று நிலத்தை வகுத்தவர்கள் அதை முன்பே முடிவு செய்துவிட்டார்கள். மிச்சம் மீதியைத்தான் நாம் ‘வாழ்க்கை முறை’ என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் தெருவில் மாவு அரைக்கும் கடை, ரேஷன் கடை, தையல்காரர், பள்ளிக்கூடம் எல்லாம் செருப்பை மாட்டினால் போய்விடுகிற தூரம். காசிமேட்டிலிருந்து அன்னக்கூடையில் மீன் எடுத்துவரும் அக்கா வாசலிலேயே உட்கார்ந்து ஆய்ந்து கொடுப்பார். காரப்பொடி மீனுக்குக் காசு போதவில்லை என்றால் நாளைக்குக் கொடு என்பார். மிக்ஸி புகைந்தால் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் (காயில்) கட்டித் தர ஒருவர் இருக்கிறார். அவரும் கைவிட்டால் காயலான் கடை. அங்கே ஒரு பையன் சுத்தியலை வைத்துக்கொண்டு மோட்டாரைப் பிளந்து செம்பைத் தனியாக, இரும்பைத் தனியாக, பிளாஸ்டிக்கைத் தனியாகப் போடுவான். அந்தச் செம்பு மறுபடி உருகி வேறொரு கம்பியாகும். சுரங்கத்தில் தோண்டிப் புதுச் செம்பு எடுப்பதைவிட இதற்கு ஆகும் எரிசக்தி பல மடங்கு குறைவு.

யாரும் பூமியைக் காப்பாற்றுவதற்காக இதைச் செய்யவில்லை. வருமானம் கம்மி, வீடு சின்னது, தெரு நெருக்கம், அவ்வளவுதான். அந்த நெருக்கத்தில் கஷ்டமும் உண்டு. மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மத்தியானம் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். வறுமைக்கு மாலை போட நான் வரவில்லை. ஆனால் எல்லாம் பக்கத்திலேயே இருக்கிற ஊர் என்பது ஒரு பெரிய சொத்து. அதைத்தான் கூறு கூறாகக் கலைத்துக்கொண்டிருக்கிறோம்.

கால்வாய்க் கரையில் இருந்தவர்களைப் பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று நகரத்தின் தென்கோடிக்கு அனுப்பினார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பமும் போனது. அந்த அம்மாவுக்கு வீட்டு வேலை இன்னும் இந்தப் பக்கம்தான். 2021-லிருந்து பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பதால் சமாளிக்கிறார். மகன் தவணையில் பைக் வாங்கிவிட்டான். அவனுக்கும் வேலை மூலக்கொத்தளத்தில்தான், வேறு என்ன செய்வான்? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. போக வர ஐம்பது கிலோமீட்டர் ஓடும் பைக்குக்கு ஏறக்குறைய நாளுக்கு ஒரு லிட்டர். முன்பு சைக்கிளில் வேலைக்குப் போன பையன் அவன். அவனிடம் போய் ‘வாழ்க்கை முறையை மாற்று’ என்று யார் சொல்வது?

வசதி உள்ளவர்கள் கதையும் வேறில்லை. மாதவரம் தாண்டி, மீஞ்சூர் தாண்டி மனைப்பிரிவுகள் கொடி கட்டி நிற்கின்றன. நேற்றுவரை நெல் விளைந்த இடம். தண்ணீர் தேங்கிய நெல் வயலிலிருந்து மீத்தேன் வரும் என்பது உண்மை. பாய்ச்சலும் காய்ச்சலுமாக, அதாவது வயலை இடையிடையே காயவிட்டு நீர் கட்டினால் அதைக் கணிசமாகக் குறைக்கலாம். வயலை மூடி சிமென்ட் ரோடு போட்டு, பால் பாக்கெட் வாங்கக்கூட ஸ்கூட்டரை எடுக்க வைக்கிற குடியிருப்பை என்ன செய்து குறைப்பது? சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022-இல் விரித்தார்கள். வரைபடத்தில் கோடு இழுப்பது சுலபம். அதன் பின்னாலேயே பஸ்ஸும் பள்ளிக்கூடமும் போகின்றனவா என்பதுதான் கேள்வி.

இனி எண்ணூர். அங்குள்ள வடசென்னை அனல் மின் நிலையத்தின் முதல் இரண்டு நிலைகளின் திறன் மட்டும் 1,830 மெகாவாட். பக்கத்தில் வல்லூரில் 1,500. 2024 மார்ச்சில் வடசென்னை மூன்றாம் நிலை என்று இன்னொரு 800 மெகாவாட்டுக்குத் திறப்பு விழா நடத்தினார்கள். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு. ராத்திரி முழுக்க ஓடும் ஒன்றரை டன் ஏசி எட்டு, பத்து யூனிட்டைத் தின்றுவிடும். ஏசி அண்ணா நகரில் இருக்கலாம், அடையாறில் இருக்கலாம். சாம்பல் மட்டும் எண்ணூர் காட்டுக்குப்பத்து மீனவர் வலையில்.

இதில் புகைபோக்கியை மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். எண்ணூர் கழிமுகத்தின் சேறும் அலையாத்திக் காடும் கார்பனைப் பிடித்து மண்ணுக்குள் பூட்டி வைக்கிற இடங்கள். உப்பு நீரில் மூழ்கி, காற்றுப்படாமல் கிடக்கும் அந்தச் சேற்றில் இலை தழை மக்குவது மிக மெதுவாகத்தான். அதனால் ஏக்கருக்கு ஏக்கர் பார்த்தால் தரைக்காட்டைவிட அங்கே அதிகக் கார்பன் தங்கும். அந்தச் சதுப்பை நிரப்பித்தான் நிலக்கரி முற்றமும் சாம்பல் குளமும் வந்தன. புகையை உண்டாக்க, புகையை உறிஞ்சும் நிலத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறோம். அதே நிலம்தான் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் கடலுக்குப் போகும் வழியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து கழிமுகத்தில் படிந்ததை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள்.

கொடுங்கையூர் குப்பைமேடும் அப்படித்தான். 300 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது. சாப்பாட்டு மிச்சமும் காய்கறிக் கழிவும் காற்றில்லாமல் உள்ளே புதைந்து அழுகினால் மீத்தேன் கிளம்பும். இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 80 மடங்கு சூடேற்றும் வாயு அது. வெயில் காலத்தில் மேடு பற்றிக்கொண்டு நாள் கணக்கில் புகைவதும் நமக்குப் புதிதில்லை. இப்போது எரிஉலை வைத்துக் குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கப்போகிறோம் என்கிறார்கள். ஈரக் குப்பை லேசில் எரியாது. எரிகிற பிளாஸ்டிக்கோ பெட்ரோலியத்திலிருந்து வந்தது, அதன் புகையும் நிலக்கரிப் புகைக்கு அண்ணன் தம்பிதான். ஈரக் குப்பையை அந்தந்த வார்டிலேயே மக்க வைத்தால் இரண்டு தொல்லையும் இல்லை. தி.நகர் குப்பை தி.நகரிலேயே மக்கட்டுமே, என்ன குறைந்துவிடும்?

அப்புறம் அந்த ‘இறைச்சியை விடு’. உலக அளவில் மாட்டிறைச்சிக்கு ஆகும் நிலமும் வரும் மீத்தேனும் அதிகம், மறுக்கவில்லை. காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய பிரேசிலுக்கு அது நேராகப் பொருந்தும். நம் நாட்டில் மாடு வளர்ப்பதே முதலில் பாலுக்காக. வேளாண்மையிலிருந்து வரும் வாயுக்களில் பெரிய பங்கு கால்நடைகள் அசைபோட்டு விடுகிற மீத்தேன். அதில் நம் காபியும் தயிரும் நெய்யும் இருக்கின்றன. புளியந்தோப்பு பீஃப் பிரியாணியை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு, கல்யாண வீட்டில் நெய் ஒழுகும் இனிப்பைச் சாப்பிடுகிறவர் கணக்குப் பேசவில்லை, வேறு ஏதோ பேசுகிறார்.

சென்னைப் பெருநகரின் மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகிக்கொண்டிருக்கிறது. 2008-இல் வந்த இரண்டாம் திட்டத்தின் காலம் 2026 வரைதான். அடுத்த இருபது ஆண்டுகளுக்கு எந்த நிலத்தில் என்ன வரலாம் என்பதை இதுதான் சொல்லப்போகிறது. கருத்துச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் நான் கேட்கப்போவது மூன்றுதான். எண்ணூர் கழிமுகத்தில் இனி ஒரு லாரி மண்கூடக் கொட்டக் கூடாது. இடம் மாற்றியே ஆக வேண்டிய குடும்பங்களுக்கு அவர்கள் வேலை பார்க்கும் பகுதியிலேயே வீடு வேண்டும். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் முன் பஸ் எங்கே நிற்கும் என்று காட்டச் சொல்ல வேண்டும். உங்களிடம் நாலாவது ஒன்று இருந்தால் கமென்டில் போடுங்கள், அதையும் சேர்த்து எழுதிக் கொடுக்கிறேன்.