எந்த போர்டானாலும் சரி இல்லைங்க
'பணத்தைப் பிராசசரில் போடுங்கள், மதர்போர்டு எதுவானாலும் சரி' என்று கம்ப்யூட்டர் வாங்குவது பற்றிய கட்டுரையில் இருப்பது எனக்கு ஒப்பவில்லைங்க. திருப்பூரில் பனியன் டிசைன் வேலைக்காக 13ஆம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர் வாங்கி, எச்610 வகை மதர்போர்டில் மாட்டினேன். ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. போர்டில் இருந்தது பழைய பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடக்கி வைக்கிற மென்பொருள்); அதற்குப் புது பிராசசரை அடையாளம் தெரியவில்லை. 12ஆம் தலைமுறை பிராசசர் ஒன்றைப் போட்டு அப்டேட் செய்த பிறகுதான் உயிர் வந்தது. அதற்குள் இரண்டு நாள் ஆர்டர் வேலை நின்றுபோனது. அப்புறம் ராம் கூட்டலாம் என்று பார்த்தால் இரண்டே ஸ்லாட். பி760 வகை போர்டுகள் பலவற்றில் நான்கு உண்டு. சாக்கெட் ஓரத்தில் வரிசையாக நிற்கும் சின்னக் கறுப்புக் கட்டிகளின் மேல் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) இருக்கிறதா என்றும் பாருங்க. பிராசசருக்கு மின்சாரம் போகிற வழி அது. அங்கே சூடு மிஞ்சினால் பிராசசர் வேகம் குறைந்துவிடும், அதுவும் நம்ம சித்திரை வெயிலில்.