கூடுதல் பொறுப்பு

இந்த இரண்டு சொற்களைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. மூத்த இயந்திரவியல் திட்டப் பொறியாளர் ஒருவர் ஓய்வு பெறுகிறார், அல்லது மாற்றலாகிப் போகிறார். அடுத்தவரை நியமிக்கும் கோப்பு நகர்வதற்குள், வேறொரு தளத்தில் வேலை பார்ப்பவர் தலையில் இந்தப் பொறுப்பையும் ஏற்றிவிடுகிறார்கள். பொதுத்துறைத் திட்டங்களில் இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். ஆணையில் பதவிக்கு ஆள் இருக்கிறார், தளத்தில் இல்லை. நானும் இரண்டு தளங்களை அப்படிச் சுமந்திருக்கிறேன். ஒன்றில் ஹைட்ரோ டெஸ்ட் (குழாயில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை) நடந்துகொண்டிருக்கும்போது மற்றதில் ஆய்வுக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பேன். அது வேலையே இல்லை.

இயந்திரவியல் பொறியாளர் இல்லாத தளத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஃபிளிக்ஸ்பரோவை நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் நைலானுக்கான மூலப்பொருள் தயாரித்த ஆலை அது. நெதர்லாந்து அரசுக்குச் சொந்தமான நிறுவனமும் பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியமும் கூட்டாக வைத்திருந்தன. வரிசையாக ஆறு வேதிவினை உலைகள். 1974 மார்ச்சில் ஐந்தாவது உலையில் விரிசல் தெரிந்ததும் அதைக் கழற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் தற்காலிகக் குழாயால் இணைத்தார்கள். உலைகளின் வாய் 28 அங்குலம். கையில் இருந்தது 20 அங்குலக் குழாய். இரு உலைகளும் ஒரே மட்டத்தில் இல்லாததால் அதை மடக்கி வெல்டிங் செய்து, இரண்டு பக்கமும் பெல்லோஸ் (மடிப்பு மடிப்பாக, வளைந்து கொடுக்கும் உலோக இணைப்பு) வழியாகப் பொருத்தினார்கள். அதற்கு இருந்த ஒரே வரைபடம், பட்டறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட கோடுகள். தாங்கலுக்குச் சாரக்கம்பிகள்.

மடங்கிய குழாயின் இரு முனைகளிலும் அழுத்தம் வெவ்வேறு மட்டத்தில் தள்ளினால் குழாய் திருகிக்கொள்ளப் பார்க்கும். பெல்லோஸ் அந்தத் திருகலைத் தாங்காது. இதைக் கணக்கிட்டுப் பார்க்க யாரும் இல்லை. கசிவுச் சோதனையும் பாதுகாப்பு வால்வு திறக்கும் அழுத்தம் வரை போகவில்லை. ஜூன் 1, சனிக்கிழமை மாலை, குழாய் பிய்த்துக்கொண்டது. வெளியேறிய ஆவி தீப்பற்றி வெடித்தது. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள்.

ஆலைப் பொறியாளர் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே விலகிப் போயிருந்தார். அந்த இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை. குழாயைப் பொருத்தியவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஆலையைச் சீக்கிரம் ஓட்ட வேண்டும் என்று மெய்வருந்தி உழைத்தவர்கள். 'நில், இதற்குக் கணக்கு எங்கே?' என்று கேட்கும் பயிற்சியும் அதிகாரமும் உள்ள ஒருவர் மட்டும் அங்கே இல்லை. மூத்த பொறியாளருக்குச் சம்பளம் கொடுப்பதே அந்தக் கேள்விக்காகத்தான் என்று நான் நம்புகிறேன்.

கேட்பதற்கு விலையும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தளத்தில் பெரிய பம்ப் ஒன்றின் தண்டையும் மோட்டாரின் தண்டையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தும் அலைன்மென்ட் முடிந்து, குழாய் இணைக்கும் வேலை நடந்தது. குழாய் முனைகளில் போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளேஞ்சுகள் நேருக்கு நேர் வரவில்லை. ஒப்பந்ததாரரின் ஆட்கள் செயின் பிளாக் போட்டுக் குழாயை இழுத்து போல்ட்டை மாட்டினார்கள். இரு தண்டுகளையும் இணைக்கும் கப்ளிங்கில், நுண்ணிய நகர்வைக் காட்டும் டயல் கேஜ் வைத்து, போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடி இறுக்கச் சொன்னேன். முள் 0.30 மில்லிமீட்டர் நகர்ந்தது. இயந்திரங்களை நிறுவுவதற்கான ஏ.பி.ஐ. 686 தரவிதி அனுமதிப்பது 0.05. அப்படியே ஓடவிட்டால் முதலில் சீல் போகும், பிறகு பேரிங் போகும். குழாயை வெட்டி மீண்டும் பொருத்தும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். தொடக்க விழாத் தேதி முடிவாகியிருந்த நேரம் அது.

பன்னிரண்டு நாள் தாமதம். அதற்கு என்னிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, தணிக்கையிலும் கேள்வி எழுந்தது. மக்கள் பணத்துக்குக் கணக்குக் கேட்பது சரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த பம்ப் பிறகு அதிர்வில்லாமல் ஓடியதை எந்தப் படிவத்திலும் யாரும் எழுதவில்லை. தாமதத்துக்குக் கட்டம் இருக்கிறது, கெடாமல் ஓடும் இயந்திரத்துக்குக் கட்டம் இல்லை. குறைந்த விலைப்புள்ளிக்காரருக்கு வேலையைக் கொடுக்கும் முறையில், தளத்தில் நிற்கும் எங்கள் கண்தான் தரத்துக்குக் கடைசிக் காவல். அந்தக் கண்ணையும் இரண்டு ஊருக்குப் பங்கு போட்டால் எப்படி?

நேற்று ஓர் இளம் பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார். தீப்பற்றும் திரவம் போகிற குழாய்த்தடம். "ஹைட்ரோ டெஸ்ட்டுக்கு நேரமில்லை, ஓட்டத் தொடங்கும்போதே கசிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் சார்" என்றார். அவர் குரலில் பயம் இருந்தது. "ஆலைக் குழாய்களுக்கான பி31.3 விதித்தொகுப்பை எடுத்துப் பாருங்கள் தம்பி. அந்தச் சலுகை தீப்பற்றாத, நச்சில்லாத, வடிவமைப்பு அழுத்தம் 1,035 கிலோபாஸ்கலைத் தாண்டாத திரவங்களுக்குத்தான். உங்கள் குழாய்க்கு வடிவமைப்பு அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கில் சோதனை வேண்டும். விதி எண்ணோடு எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டுக் கொடுங்கள்" என்றேன்.

இன்று காலை கொடுத்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். அந்தத் தளத்தில் அவருக்கு மேலே இருக்க வேண்டிய இயந்திரவியல் பதவி நான்கு மாதமாகக் கூடுதல் பொறுப்பில் ஓடுகிறது. அந்தக் கடிதத்தில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது.