அப்கிரேட் பண்ணும் முன் பின்பக்க பிரின்டர் போர்ட்டைப் பாருங்கள்

பெங்களூரில் சிவாஜிநகர், அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் தமிழில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீஸும் அடித்துக் கொடுத்த டி.டி.பி. கடைகளில் இன்னும் ஒரு பென்டியம் 3 கம்ப்யூட்டர் மூலையில் கிடக்கும். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் யாரைக் கேட்டாலும் மதர்போர்டை மாற்று, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடு என்பார்கள். நான் அதற்கு நேர் எதிர்க்கட்சி. அந்தக் காலத்துப் பெட்டியை அப்படியே வையுங்கள். வேகம் வேண்டுமென்றால் தனியாக இன்னொரு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

காரணம் பின்பக்கம் இருக்கிறது. 25 துளை பிரின்டர் போர்ட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு டாங்கிள், அதாவது மென்பொருளைத் திறக்கும் சாவி, செருகியிருக்கிறதா பாருங்கள். அன்றைய தமிழ் எழுத்துரு மென்பொருள்கள் பல அது இல்லாமல் திறக்கவே திறக்காது. அவை பெரும்பாலும் 378 என்ற ஹெக்ஸ் முகவரியில் நேரடியாகப் போய் டாங்கிளைத் தேடுபவை. இன்றைய போர்டுகளில் அந்த போர்ட் அநேகமாக இருக்காது. யு.எஸ்.பி.-யிலிருந்து இந்த பிரின்டர் (பேரலல்) போர்ட்டுக்கு மாற்றும் கேபிள் பிரின்டருக்கு மட்டும்தான் வேலை செய்யும், டாங்கிளுக்கு உதவாது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டு போட்டால் போர்ட் வேறு முகவரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆக போர்டை மாற்றிய அன்றே, காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் செத்தது. கூடவே பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த கோப்புகளும் அனாதையாகும். அதன் வாரிசான இன்டிசைனில் அவற்றைத் திறக்கத் தெரிந்த கடைசிப் பதிப்பு சி.எஸ்.6. அப்படித் திறந்தாலும் பழைய எழுத்துரு இல்லையென்றால் திரையில் வெறும் கிறுக்கல்தான். கணினியில் எந்தத் தமிழ் எழுத்துக்கு எந்த எண் என்று வகுக்கும் டாம், டாப் குறியீடுகளைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது 1999-இல். உலகப் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாறியது 2010-இல். நடுவிலிருந்த அந்த வருடங்களின் தமிழ் அச்சு வேலையில் பெரும்பகுதி இப்படிப்பட்ட டிஸ்க்குகளில்தான் இருக்கிறது.

ரேம் சேர்த்தால் போதாதா என்பார்கள். பென்டியம் 3 காலத்தில் பரவலாக இருந்த 440பிஎக்ஸ் சிப்செட் போர்டு ஒரு ஸ்லாட்டுக்கு 256 எம்.பி. வரைதான் ஏற்கும். அதிலும் 16 சிப் உள்ள ரேம் வேண்டும். 8 சிப் உள்ளதைப் போட்டால் 128 என்று காட்டும். விண்டோஸ் 98-இல் 512 எம்.பி.-யைத் தாண்டினால் நினைவகம் போதவில்லை என்று அதுவே தகராறு செய்யும். எவ்வளவு ரேம் போட்டாலும் இன்றைய குரோம் ஓடாது. அதற்கு பிராசசரில் எஸ்.எஸ்.இ.3 என்ற கட்டளைத் தொகுப்பு வேண்டும், பென்டியம் 3-இல் எஸ்.எஸ்.இ.2-வே கிடையாது.

சரி, காப்பாற்றுவது எப்படி? பல வருடம் கிடந்த பெட்டியை எடுத்ததும் பிளக்கில் செருகாதீர்கள். மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் பின்னால் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் 230-இல் இருக்கிறதா பாருங்கள். 115-இல் இருந்தால் ஒரே வெடிதான். முதலில் ஹார்ட் டிஸ்க்கின் பவர் கனெக்டரையும் கேபிளையும் கழற்றி விடுங்கள். போர்டை மட்டும் ஓடவிட்டு மீட்டரில் 5 வோல்ட் லைனை அளந்து பாருங்கள், 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். மாற்ற நேர்ந்தால் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். புதியவற்றின் பலம் 12 வோல்ட்டில். அந்தக் கால போர்டுகள் பல பிராசசருக்கே 5 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கும். 5 வோல்ட்டில் 20 ஆம்பியருக்குக் குறைந்தது வேண்டாம்.

பயாஸ், அதாவது தொடக்க அமைப்புத் திரைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்துவிட்டு சி.ஆர்.2032 பேட்டரியை மாற்றுங்கள். 386, 486 போர்டில் சின்னப் பீப்பாய் போல ஒரு ரீசார்ஜ் பேட்டரி சால்டர் செய்திருந்தால் உடனே வெட்டி எடுங்கள். அது கசிந்து பச்சையாகப் பூத்து, செப்புத் தடத்தை அரித்துவிடும். கசிந்த இடத்தை வெள்ளை வினிகர் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள்.

அடுத்தது கெபாசிட்டர். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் தரமற்ற எலக்ட்ரோலைட் போட்ட கெபாசிட்டர்கள் ஏராளமான போர்டுகளில் ஏறிவிட்டன. பிராசசர் சாக்கெட்டைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்: தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருக்கும், அல்லது அடியில் பழுப்பு நிறத்தில் காய்ந்த கசிவு இருக்கும். மாற்றும்போது அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி, குறைந்த இ.எஸ்.ஆர். (உள் மின்தடை) வகை. சாதாரண கெபாசிட்டரைப் போட்டால் ஓடுவது போல ஓடி, லோடு ஏறியதும் ஹேங் ஆகும். கழற்றும் முன் எந்தப் பக்கம் மைனஸ் என்று படம் எடுங்கள். போர்டில் அச்சிட்ட குறியை மட்டும் நம்ப வேண்டாம், சில கம்பெனிகள் அதைத் தலைகீழாக அச்சிட்டிருக்கின்றன. 25 வாட் அயர்ன் போதாது, கிரவுண்ட் பக்கக் கால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். பழைய சால்டர் மேல் புதிதாகக் கொஞ்சம் ஈய சால்டரை வைத்து இளக்கிய பிறகு இழுங்கள். பலவந்தமாக இழுத்தால் துளையின் உள் செப்பு கையோடு வந்துவிடும். அப்புறம் அந்த போர்டு கஷ்டம்தான்.

ஹார்ட் டிஸ்க்கை அதே பெட்டியில் பூட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் இணைப்பான ஐ.டி.இ.-யிலிருந்து யு.எஸ்.பி.-க்கு மாற்றும் அடாப்டரில் மாட்டி, டிஸ்க்கின் பின்பக்கச் சின்ன ஜம்பரை மாஸ்டரில் வைத்து, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் கொண்டு முழு டிஸ்க்கையும் இமேஜ், அதாவது அச்சு அசல் நகல், எடுங்கள். முதல் சுற்றில் படிக்க முடிந்ததை மட்டும் எடுக்கட்டும். கெட்ட செக்டாரை நோண்டுவது இரண்டாம் சுற்றில். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பைச் சேமித்தால்தான் விட்ட இடத்திலிருந்து தொடரும். டக் டக் என்று சத்தம் வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள். இமேஜ் இரண்டு இடத்தில் இருக்கட்டும். அதன் பிறகு அதையே காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டில் எழுதி, ஐ.டி.இ. அடாப்டரில் மாட்டி ஓட்டலாம். அது ஒன்றுதான் நான் ஒத்துக்கொள்ளும் அப்கிரேட், எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றிவிடலாம் என்பதால்.

கோர் 2 டுவோ, 64 பிட், சாட்டா போர்ட் உள்ள பெட்டி என்றால் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. எஸ்.எஸ்.டி., 4 ஜி.பி. ரேம், ஏதாவது ஒரு லேசான லினக்ஸ் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். நடுவில் மாட்டிக்கொண்ட பென்டியம் 4-க்குச் செலவு செய்வதுதான் வீண். அதில் பிரெஸ்காட் வகை பிராசசர்களில் வேகமானவை 115 வாட் வரை சூடு கக்கும்.

உங்கள் ஏரியாவில் பழைய தமிழ் அச்சகம் எதையாவது மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால், எடைக்குப் போடும் முன் ஹார்ட் டிஸ்க், டாங்கிள், எழுத்துரு ஃபிளாப்பிகள், இந்த மூன்றையாவது தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.