ட்ரைலோபைட்டைப் புரிந்துகொண்டவன், காதலித்தவளைப் புரிந்துகொள்ளாதவன்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் அறிவியலுக்கும் மதத்துக்கும் நடந்த தகராறு பற்றிப் பேச்செடுத்தாலே, 1860இல் ஆக்ஸ்ஃபோர்டில் டார்வினின் பரிணாமக் கொள்கையை வைத்து உயிரியலாளர் ஹக்ஸ்லியும் பிஷப் வில்பர்ஃபோர்ஸும் மோதிக்கொண்ட கதையைத்தான் எல்லோரும் இழுப்பார்கள். அந்த மேடைச் சண்டையை விட, தாமஸ் ஹார்டியின் நாவலில் வரும் ஒரு கடலோரப் பாறை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நாவலின் பெயர் ‘எ பேர் ஆஃப் புளூ ஐஸ்’. மாதப் பத்திரிகையில் தொடராக வந்து 1873இல் புத்தகமானது. இடம் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால். ஹென்றி நைட் என்பவன் லண்டன் வக்கீல், பத்திரிகைகளில் விமர்சனம் எழுதுபவன், புவியியலும் ஓரளவு தெரிந்தவன். பாதிரியார் மகள் எல்ஃப்ரைடோடு பாறை மேல் நிற்கும்போது காற்று அவன் தொப்பியை அடித்துக்கொண்டு போகிறது. எடுக்கப் போனவன் சறுக்குகிறான். கைகொடுக்க வந்த அவளும் சறுக்குகிறாள். அவளை எப்படியோ மேலே ஏற்றிவிட்டு, இவன் இன்னும் கீழே போய்த் தொங்குகிறான். மழை வேறு. காற்று பாறையில் மோதி மேலேறுவதால், மழையே கீழிருந்து மேலாக அடிக்கிறது.

முகத்துக்கு நேரே பாறையில் ஒரு புதைபடிவம். ட்ரைலோபைட் என்ற, ஓடு போர்த்திய பழங்காலக் கடற்பிராணி. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அழிந்துபோன இனம். கல்லாகிவிட்ட அதன் கண்கள் இவனையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. அந்த நிலையிலும் நைட்டின் மனசுக்குள் ஆதிமனிதர்கள், யானை போன்ற மாஸ்டோடான், ராட்சதப் பல்லிகள், மீன்கள் என்று காலம் பின்னோக்கி ஓடி, கடைசியில் அந்தச் சின்னப் பிராணியிடம் வந்து நிற்கிறது. டார்வினைப் படித்த தலைமுறை இயற்கையை எப்படிப் பார்த்தது என்று கேட்டால் இந்தப் பக்கங்களைத்தான் காட்டுவேன். அழகு, ஆறுதல் எதுவும் கிடையாது. நீ இருந்தாலும் போனாலும் எனக்கு ஒன்றுதான் என்று நிற்கும் கல்.

அவனைக் காப்பாற்றுவது எல்ஃப்ரைட். மேலுடையை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளாடைகளை எல்லாம் கழற்றிக் கிழித்து முடிச்சுப்போட்டுக் கயிறு திரிக்கிறாள். விக்டோரியா காலத்துக் கதாநாயகி! நைட் கீழிருந்து சொல்கிறான்: இன்னும் 3 நிமிஷம் தாங்குவேன், அதற்குள் முடிச்சுகளை ஒவ்வொன்றாகச் சோதித்துவிடு. அவள் காலால் மிதித்து இழுத்துப் பார்க்கிறாள். ஒரு முடிச்சு நழுவுகிறது. மறுபடி போடுகிறாள். ஆள் பிழைத்துவிடுகிறான்.

சோதித்துப் பார்க்கும் இந்தப் புத்தி அதோடு நிற்கவில்லை என்பதுதான் விஷயம். அடுத்து அவன் அவளையே சோதிக்கத் தொடங்குகிறான். இதற்கு முன் யாரையாவது காதலித்தாயா? முத்தம் கொடுத்தானா? எங்கே, எப்போது? அவளுக்கு முன்பே ஒரு காதல் உண்டு. கொத்தனார் மகன் ஸ்டீபன் ஸ்மித், நைட்டின் சிஷ்யன் மாதிரி. அப்பா மறுத்ததால் அவனோடு கல்யாணம் செய்துகொள்ளக் கிளம்பியவள், லண்டன் ரயில் நிலையத்தில் மனம் மாறி அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டாள். பாறைக்கு அன்று தொலைநோக்கியோடு போனதே, பம்பாயிலிருந்து ஸ்டீபன் வரும் கப்பலைப் பார்க்கத்தான். ஓர் இரவு வீட்டில் இல்லாமல் இருந்தாள் என்று தெரிந்ததும் நைட் அவளை உதறிவிட்டுப் போகிறான்.

கோடிக்கணக்கான வருஷத்தை ஒரே பார்வையில் விழுங்கிய மூளைக்கு, ஒரு பெண்ணின் ஓர் இரவு செரிக்கவில்லை. அறிவியல் வந்தால் பழைய நம்பிக்கைகள் தானாகக் கழன்றுவிடும் என்பவர்களிடம் எனக்கு உள்ள சண்டையே இதுதான். அவன் மனசில் உலகம் பழையதாகிவிட்டது. பெண் மட்டும் நேற்றுப் பிறந்தவளாக, யார் கையும் படாதவளாக இருந்தாக வேண்டும். கோயிலில் கேட்ட பரிசுத்தத்தை அவன் கைவிடவே இல்லை, அவள் தலையில் இறக்கி வைத்துவிட்டான்.

ஹார்டி இதை வெளியே நின்று எழுதவில்லை. கட்டடக் கலைஞராக 1870இல் கார்ன்வாலின் ஒரு தேவாலயத்தைப் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் எம்மாவைச் சந்தித்தார், 1874இல் மணந்தார். டார்வினின் நூலை ஆரம்பத்திலேயே வரவேற்றவர்களில் தானும் ஒருவன் என்று சொல்லிக்கொண்டவர். விமர்சகரும் பத்திரிகை ஆசிரியருமான லெஸ்லி ஸ்டீபன் (ஆமாம், வர்ஜீனியா வுல்ஃபின் அப்பாதான்) 1875இல் பாதிரியார் பட்டத்தைத் துறந்து கையெழுத்திட்டபோது சாட்சிக்கு அழைத்தது ஹார்டியைத்தான்.

1882இல் வந்த ‘டூ ஆன் எ டவர்’ நாவலில் இதே கேள்வியை வானத்துக்குக் கொண்டுபோகிறார். ஸ்விதின் என்ற இளம் வானியலாளன், அவனுக்குப் பெரிய தொலைநோக்கி வாங்கித் தரும், அவனைவிட ஏறக்குறைய பத்து வயது மூத்த சீமாட்டி விவியட். கதையில் தற்செயல்கள் அதிகம், சில இடங்களில் எரிச்சலே வரும். அவன் நட்சத்திரம் பார்க்கத் தென்கோளத்துக்குப் போய்விட, வயிற்றில் அவன் குழந்தையோடு அவள் ஒரு பிஷப்பைக் கட்டிக்கொள்கிறாள். பிஷப் இறந்த பிறகு, சில வருஷம் கழித்து ஸ்விதின் திரும்பி வருகிறான். அண்டவெளியின் தூரங்களைக் கணக்குப்போட்ட அதே ஆள், அவள் தலையில் நரையைப் பார்த்ததும் தடுமாறிப்போகிறான். சுதாரித்து வந்து கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று சொல்லும்போது காரியம் கைமீறிவிடுகிறது, அவள் அவன் கைகளிலேயே உயிரை விடுகிறாள்.

ஹார்டி திருச்சபையைக் கேலி செய்துவிட்டார் என்று அன்றைய விமர்சகர்கள் அந்த பிஷப்புக்காகக் கொதித்தார்கள். ஸ்விதினை ஏன் விட்டுவைத்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.