என் முகப்புப் பக்கத்தில் கை வைக்க நீ யார்?

நாலு பிடிஎஃப்களை ஒன்றாகச் சேர்க்க ஒரு இலவச மென்பொருள், அப்பாவுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். அது தன் கூட்டாளிகளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வந்து குரோமின் முகப்புப் பக்கம், தேடுபொறி, புதிய டேப் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. யாரைக் கேட்டு? கேட்டார்களாம்! பெரிய பச்சை பட்டன், அதன் கீழே சாம்பல் நிறத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு வரி, அதில் அவர்களே போட்டுவைத்த டிக். இதைச் சம்மதம் என்று சொல்ல வாய் கூசவில்லையா?

சரி, மாற்றிவிடலாம் என்று செட்டிங்ஸில் கூகுளை வைத்து, தெரியாத எக்ஸ்டென்ஷனைத் தூக்கி, மென்பொருளையும் அன்இன்ஸ்டால் செய்து மூடித் திறந்தால் மறுபடி அதே பக்கம் பல்லை இளிக்கிறது. டெஸ்க்டாப்பில் இருக்கும் குரோம் ஐகானின் பிராப்பர்டீஸைத் திறந்து பார்த்தால், குரோமைத் திறக்கும் கட்டளை இருக்கும் டார்கெட் வரியின் வாலில் அவர்களுடைய முகவரியை ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதை அழித்த பிறகும் குரோம் மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று வருகிறது. ரிடையர் ஆன மனுஷனின் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த நிறுவனம்? ஆபீஸ்கள் தங்கள் ஊழியர்களின் குரோமைக் கட்டுப்படுத்த வைத்திருக்கும் பாலிசி வசதியை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி வழியாகத் திருடியிருக்கிறார்கள். அங்கே போய் அழிக்க எத்தனை பேருக்குத் தெரியும்?

ஏதோ பேர் தெரியாத ஆட்கள் மட்டும்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது. ஆரக்கிள் பல வருஷம் தன் ஜாவா மென்பொருளின் அப்டேட்டோடு, பிரவுசரில் ஒட்டிக்கொண்டு தேடலை ஆஸ்க் தேடுபொறிக்குத் திருப்பும் ஆஸ்க் டூல்பாரை, டிக் போட்டே அனுப்பியது. அந்த டூல்பார் உடனே நிறுவிக்கொள்ளாமல் பத்து நிமிஷம் காத்திருந்து நுழைகிறது என்று 2013இல் தொழில்நுட்பப் பத்திரிகையாளர் எட் பாட் எழுதினார். உடனே போய்த் தேடினால் கண்ணில் படக்கூடாதாம். இவ்வளவு பெரிய கம்பெனிக்கு எதற்கு இந்தத் திருட்டுப் புத்தி?

எனக்கு ஆத்திரம் முகப்புப் பக்கம் போனதற்காக மட்டும் இல்லை. அப்பா பேங்க் பெயரை டைப் செய்து, முதலில் வருவதைத்தான் அழுத்துவார். அந்தப் போலித் தேடுபொறியில் முதலில் வருவதெல்லாம் விளம்பரம், அதில் எது போலி கஸ்டமர் கேர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கு ஒரு கிளிக்குக்குச் சில்லறைக் காசு, அவருக்குப் போவது பென்ஷன் பணம்.

அந்த டிக்கை முதலில் எடுங்கள். வேண்டும் என்பவர்கள் தாங்களே போட்டுக்கொள்ளட்டும். அன்இன்ஸ்டால் என்று அழுத்தினால் கூட வந்த எல்லாமே போகவேண்டும், ரெஜிஸ்ட்ரியில் ஒளித்துவைத்தது உட்பட.